மைசூரு ஜூ டூர்: ரூ.14,500 போச்சு, கோபி-சத்தி பக்கத்து ஆட்கள் உஷார்

கோபிசெட்டிபாளையம், சத்தியமங்கலம் என்று நம்ம பக்கம் இருந்து குடும்பத்தோடு மைசூரு ஜூ போகத் திட்டம் போடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். 14,500 ரூபாய் கொடுத்து நாங்கள் பார்த்தது பூட்டின கேட்டைத்தான்.

முன்பெல்லாம் பிள்ளைகளுக்கு நாலு விலங்கைக் காட்ட கோயமுத்தூர் வ.உ.சி. பூங்கா இருந்தது. 2022-ல் அந்த ஜூவின் அங்கீகாரம் ரத்தானதிலிருந்து எங்கள் வீட்டில் மைசூரு பேச்சுதான். 1892-ல் மகாராஜா காலத்தில் ஆரம்பித்த ஜூ அது. ஒட்டகச்சிவிங்கி, ஜெர்மனியில் இருந்து வந்த கொரில்லா என்று பெரியவள் நோட்டில் பட்டியலே எழுதி வைத்திருந்தாள். பிள்ளைகளின் அமுச்சிக்கு (அம்மாவைப் பெற்ற பாட்டி) முழங்கால் வலி, உள்ளே நடக்க முடியாது. அதனால்தான் எல்லா ஏற்பாட்டையும் செய்து தரும் ஒரு டிராவல்ஸ் கடையில் பேசினோம். வண்டி, ஆறு பேருக்கு டிக்கெட், உள்ளே பேட்டரி வண்டி, மதியச் சாப்பாடு, எல்லாம் சேர்த்து 14,500. முழுப் பணமும் முன்னாடியே வேண்டும் என்றார்கள். ஜீபேயில் அனுப்பினேன்.

செவ்வாய்க்கிழமை போகலாம் என்றது அந்தக் கடைக்காரர்தான். "சனி ஞாயிறு நிக்க எடமிருக்காதுங்கண்ணா, செவ்வாய் போனா கூட்டமே இருக்காது." அன்றைக்கு லீவு ஏதும் விடுவார்களா என்று கேட்டேன். உடனே போனை ஸ்பீக்கரில் போட்டு, என் முன்னாலேயே யாரிடமோ கன்னடத்தில் பேசினார். அந்தப் பக்கமும் ஒருவர் உற்சாகமாகப் பதில் சொன்னார். போனை வைத்துவிட்டு, "ஜூவுல நம்ம ஆளுங்க. தொறந்திருக்குது, டிக்கெட்டும் சொல்லியாச்சு. ஆத்தாவ ஒரு அடி நடக்க விடமாட்டோமுங்க" என்றார். டிராயரைத் திறந்து பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு மிட்டாய் வேறு கொடுத்தார். இப்படிப் பேசுகிற மனுஷனை யார் சந்தேகப்படுவார்கள்?

விடிகாலையில் கிளம்பி பண்ணாரி தாண்டினோம். திம்பம் மலையில் 27 கொண்டை ஊசி வளைவு. சின்னவன் மேலே போய்ச் சேரும்வரை வாந்தி. ஜூ வாசலில் இறங்கினால் ஈ காக்கா இல்லை. வாட்ச்மேன் "மங்களவார ரஜா" என்று சொல்லிப் போர்டைக் காட்டினார். ஜூ மேல் ஒரு குற்றமும் இல்லை, செவ்வாய்தான் அவர்களுக்கு வார விடுமுறை. பக்கத்தில் இருக்கும் காரஞ்சி ஏரிக்கும் அன்றைக்கே விடுமுறை. பெரியவள் நோட்டைப் பைக்குள் திணித்துவிட்டு யாரோடும் பேசவில்லை. அமுச்சி ரோட்டோரத் திண்டில் உட்கார்ந்து முழங்காலை நீவிக்கொண்டே இருந்தார்.

போன் போட்டால், "அப்படீங்களா? டிரைவர்கிட்ட குடுங்க." டிரைவரோ, அரண்மனையோ சாமுண்டி மலையோ போக வேண்டுமானால் கிலோமீட்டருக்குத் தனிக் காசு என்றார். சாப்பாடும் எங்கள் கைக்காசில்தான்.

ஊருக்கு வந்து நேரில் போனேன். அன்றைக்குக் கடையில் பையன் மட்டும்தான், "அண்ணன் வெளியூருங்க" என்றான். அப்புறம் ஆளைப் பிடித்தால், "வண்டி ஓடுச்சில்லீங்க, டீசல் யாரு குடுப்பா?" என்கிறார். வண்டியில் உட்கார்ந்து வரவா 14,500 கொடுத்தேன்? எடுக்காத டிக்கெட்டுக்கும், ஏறாத பேட்டரி வண்டிக்கும், போடாத சோற்றுக்கும் சேர்த்துத்தானே வாங்கினீர்கள் என்று கேட்டால், "அடுத்த ட்ரிப்புல கழிச்சுக்கலாமுங்கண்ணா" என்று சிரிக்கிறார். இவரை நம்பி இன்னொரு ட்ரிப்பா! இப்போது போன் எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும் விழுகிறது. 14,500 ரூபாய் எங்கள் வீட்டுக்குச் சின்னக் காசு இல்லை. நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன்.

மைசூரு போகிறவர்களுக்கு விவரமாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், ஆத்திரத்தில் இவ்வளவுதான் வருகிறது. செவ்வாய்க்கிழமை போகாதீர்கள். தசரா மாதிரி சமயங்களில் செவ்வாயும் திறப்பார்கள், அதை ஜூவின் இணையதளத்திலேயே பாருங்கள், டிக்கெட்டையும் அங்கேயே எடுங்கள். டிராவல்ஸுக்கு அட்வான்ஸ் மட்டும் கொடுங்கள், மீதி திரும்பி வந்து. எதெதற்கு எவ்வளவு என்று பில்லில் எழுதி வாங்குங்கள். எழுதித் தர மாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.