படகு ட்ரெய்லருக்கு எந்த டயர்: பயஸா, ரேடியலா?

ஒன்டாரியோவில் படகு ட்ரெய்லரை அக்டோபரில் ஓரங்கட்டினால் மே மாதம்தான் அது மறுபடி ரோட்டுக்கு வரும். கோடையிலும் ஸ்காபரோவிலிருந்து சிம்கோ ஏரிக்கோ ரைஸ் ஏரிக்கோ வாரக் கடைசியில் போய் வருவதோடு சரி. அதனால் பட்டன் (ரோட்டில் படும் வரிப்பகுதி) தேய்ந்து வழுக்கையாகி இந்த டயர்கள் கழிவது அபூர்வம். வயதாகி, வெயிலில் ரப்பர் காய்ந்து, காற்று இறங்கியது தெரியாமல் ஓடிச் சூடேறி வெடிப்பதுதான் வழக்கம். எனவே புது டயர் வாங்கும்போது, எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் உழைக்கும் என்று காருக்குப் பார்ப்பதுபோல் பார்த்துப் பயனில்லை. சூட்டையும் சுமையையும் எது தாங்கும் என்றுதான் பார்க்க வேண்டும்.

கடையில் போட்டி பயஸுக்கும் ரேடியலுக்கும்தான். அளவு எழுதியிருப்பதிலேயே வித்தியாசம் தெரியும். எஸ்டி205/75டி14 என்றால் பயஸ். அந்த 'டி' இருக்கும் இடத்தில் 'ஆர்' இருந்தால் ரேடியல். முன்னால் வரும் 'எஸ்டி', ட்ரெய்லருக்கென்றே செய்த டயர் என்பதற்கான அடையாளம்.

பயஸில் நைலான் இழைகள் சாய்வாக, அடுக்குக்கு அடுக்கு எதிர்த்திசையில் ஓடும். ஊரில் லாரிக்காரர்கள் நைலான் டயர் என்பது இதைத்தான். பக்கச்சுவர் விறைப்பாக இருக்கும், ஜல்லி ரோட்டில் தாக்குப்பிடிக்கும், விலையும் குறைவு. ஆனால் ஓடும்போது அடுக்குகள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே இருப்பதால் சூடு அதிகம். குளிர்காலம் முழுக்க ஒரே இடத்தில் நின்றால் தரையில் பதிந்த பகுதி தட்டையாகிவிடும். முதல் சில கிலோமீட்டருக்கு 'தட் தட்' என்று அடிக்கும். ரேடியலில் இழைகள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேர்க்குறுக்காகப் போகும், பட்டனுக்கு அடியில் எஃகுப் பட்டை இருக்கும். பக்கச்சுவர் வளைந்தாலும் பட்டன் சமமாக ரோட்டில் உட்காரும். சூடு குறைவு, இழுவையும் லேசு.

காட்டேஜ் ஏரிக்கரையிலேயே இருந்து, ராம்ப்புக்கு (படகைத் தண்ணீரில் இறக்கும் சரிவுக்கு) ஐந்து பத்து கிலோமீட்டர் மட்டும் இழுப்பவருக்கு பயஸ் தாராளமாகப் போதும். 401, 400 நெடுஞ்சாலைகளில் ஒரு மணி நேரம் விடாமல் இழுப்பவர் ரேடியலே வாங்க வேண்டும். மிச்சமாகும் சில டாலருக்காக அங்கே பயஸைப் போடுவதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். இரண்டையும் கலந்து மட்டும் ஓட்டக்கூடாது, இரட்டை அச்சு ட்ரெய்லர் என்றால் நான்குமே ஒரே வகையாக இருக்க வேண்டும்.

வேகக் குறியையும் பாருங்கள். எஸ்டி டயர்களுக்கு, வேறு குறி இல்லாவிட்டால், மணிக்கு 65 மைல், அதாவது சுமார் 105 கிலோமீட்டர்தான் எல்லை என்பது பழைய கணக்கு. நெடுஞ்சாலைகளில் சில பகுதிகளில் அனுமதித்த வேகமே இப்போது 110. பக்கச்சுவரில் 'எல்' இருந்தால் 120, 'எம்' இருந்தால் 130 வரை தாங்கும். அந்த வேகத்தில் படகை இழுக்கச் சொல்லவில்லை. ஜூலை வெயிலில் 100-ல் போகும்போது டயர் தன் எல்லையை ஒட்டி ஓடக்கூடாது, அவ்வளவுதான்.

சுமை: சி-யா, டி-யா?

சி, டி என்பவை டயரின் சுமைத்திறனைக் காட்டும் 'லோட் ரேஞ்ச்' எழுத்துகள். அளவில் பயஸைக் குறிக்கும் 'டி' வேறு, இது வேறு. பயஸா ரேடியலா என்பதைவிட எனக்கு இதுதான் பெரிய கேள்வி. உதாரணத்துக்கு ஒரு 17 அடி அலுமினியப் படகை எடுத்துக்கொள்வோம். கேட்லாக்கில் 1,200 பவுண்டு என்றிருக்கும். அது வெறும் படகு. 60 குதிரைத்திறன் மோட்டார் 250, ட்ரெய்லர் 600, 75 லிட்டர் பெட்ரோல் 120, இரண்டு பேட்டரி 100, நங்கூரம், தூண்டில் சாமான், ஐஸ் பெட்டி எல்லாம் சேர்ந்து ஒரு 250. மொத்தம் 2,520. இதில் பத்து சதவீதம் வண்டியின் கொக்கியில் இறங்குகிறது என்றால் டயர்கள் சுமப்பது ஏறக்குறைய 2,270 பவுண்டு.

இந்த ட்ரெய்லரில் எஸ்டி175/80ஆர்13, லோட் ரேஞ்ச் சி டயர் இருக்கிறது என்று வைப்போம். ஒன்று 50 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வைத்தால் 1,360 பவுண்டு தாங்கும், இரண்டும் சேர்ந்து 2,720. தாளில் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் காற்று 35-க்கு இறங்கினால் அதே டயர் தாங்குவது 1,100 மட்டுமே. இரண்டுக்கும் 2,200. பார்வைக்கு டயர் கொஞ்சம்தான் தளர்ந்திருக்கும், ட்ரெய்லரோ ஏற்கெனவே அதிகச் சுமையில் ஓடிக்கொண்டிருக்கும். அதே அளவில் லோட் ரேஞ்ச் டி வாங்கினால் 65 பிஎஸ்ஐ-யில் ஒன்று 1,610, இரண்டும் 3,220. ஐஸ் பெட்டி ஒரு பக்கம், பேட்டரி ஒரு பக்கம் என்று சுமை சமமில்லாமல் போகும் நிஜ வாழ்க்கைக்கு இந்த உபரி அவசியம்.

டி-க்கு மாறும் முன் ரிம்மின் உட்புறம் பொறித்திருக்கும் எண்ணைப் பாருங்கள். 50 பிஎஸ்ஐ-க்கு மேல் தாங்காத ரிம்மில் 65 அடிப்பது ஆபத்து. டயர் கூடுதல் சுமை தாங்கும் என்பதால் அச்சும் தாங்கிவிடாது என்பதும் நினைவிருக்கட்டும். படகை முழுதாக ஏற்றி ஒருமுறை லாரி எடைமேடையில் நிறுத்திப் பார்த்துவிட்டால் ஊகத்துக்கே வேலையில்லை.

பழைய கார் டயரை மாட்டலாமா என்று கேட்பவர்களும் உண்டு. பக்கச்சுவர் மென்மையானது, ட்ரெய்லரில் போட்டால் அதன் சுமைத்திறனை 1.1-ஆல் வகுத்துத்தான் கணக்கிட வேண்டும். வேண்டாம். லைட் டிரக் டயர் நல்ல சரக்குதான், ஆனால் அது 15, 16 அங்குல ரிம் உள்ள பெரிய ட்ரெய்லர்களின் விஷயம்.

காற்றும் வயதும்

எஸ்டி டயருக்குப் பக்கச்சுவரில் எழுதியுள்ள உச்ச அழுத்தம்தான் பொதுவாக அடிக்க வேண்டிய அழுத்தம், டயர் குளிர்ந்திருக்கும்போது. காரைப்போல 32 வைத்துவிட்டுப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. 30 டிகிரி வெயிலில் 50 இருந்த டயர், பூஜ்ஜிய டிகிரிக் காலையில், ஒரு துளி கசியாமலே, 44-க்கு வந்துவிடும். ஓடிச் சூடான டயரில் அழுத்தம் ஏறியிருக்கிறதே என்று காற்றைத் திறந்து விடவும் கூடாது. நைட்ரஜனா சாதாரணக் காற்றா என்றால், காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். அந்தக் காசுக்கு நல்ல கேஜ் ஒன்று வாங்கிக்கொள்ளலாம்.

வயதைக் கண்டுபிடிக்க, பக்கச்சுவரில் டாட் (DOT) என்று தொடங்கும் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் போதும்: 3419 என்றால் 2019-ன் 34-வது வாரத்தில் செய்தது. முழு எண் டயரின் ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருக்கும், பெரும்பாலும் அந்தப் பக்கம் உள்நோக்கி மாட்டப்பட்டிருக்கும். டார்ச்சோடு ட்ரெய்லருக்கு அடியில் படுத்துத்தான் பார்க்க வேண்டும். படுத்தது படுத்தாயிற்று, பட்டனும் பக்கச்சுவரும் சேரும் ஓரத்தில் விரலை ஓட்டுங்கள். மயிரிழை வெடிப்புகள் வட்டமாகத் தொடர்ந்து ஓடினால், பட்டன் புதிது மாதிரி இருந்தாலும் டயரை மாற்றிவிடுங்கள். ஐந்து வருடத்துக்கு மேல் நான் நம்பமாட்டேன், ஸ்டெப்னிக்கும் இதே கணக்குதான். நிறுத்தி வைக்கும் மாதங்களில் ட்ரெய்லரைக் கட்டை வைத்துத் தூக்கி, டயருக்கு வெயில் படாமல் உறை போட்டால் அந்த ஐந்து வருடத்தை நிம்மதியாக ஓட்டலாம்.

டயரைக் காப்பாற்றி ஹப்பை (பேரிங் இருக்கும் சக்கரத்தின் நடுப்பகுதியை) விட்டுவிட்டால் பயனில்லை. நெடுஞ்சாலையில் சூடான ஹப் குளிர்ந்த ஏரி நீரில் இறங்கியதும் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை இழுக்கும், பேரிங் துருப்பிடிக்கும். சாதாரண மூடியைவிட, கிரீஸை ஸ்பிரிங்கால் அழுத்தி வைக்கும் 'பேரிங் படி' வகை மூடி மேல். ஆனால் அதில் கிரீஸைத் திணித்தால் பின்பக்கச் சீல் பிதுங்கிவிடும். கிரீஸுக்குப் பதில் எண்ணெய் நிரப்பிய ஆயில் ஹப்பில் கண்ணாடி வழியே பார்த்தால் போதும், எண்ணெய் பால் நிறமானால் தண்ணீர் புகுந்துவிட்டது. எதுவானாலும் ராம்ப்புக்கு வந்ததும் கொஞ்ச நேரம் ஆறவிடுங்கள். கட்டிய பட்டைகளை அவிழ்க்கவும், லைஃப் ஜாக்கெட் மாட்டவும், படகின் பின்னால் தண்ணீர் அடைப்பானைத் திருகவும் அந்த நேரம் சரியாக இருக்கும்.