ஐகிரவுண்டு பக்கம் ஒரு சர்ஜிக்கல்ஸ் கடை: பில்லுக்காகவே போகலாம்

பாளையங்கோட்டை ஐகிரவுண்டு பெரியாஸ்பத்திரியைச் சுற்றி சர்ஜிக்கல்ஸ் கடைகளுக்குப் பஞ்சமில்லை. நாங்கள் போவது சந்துக்குள் தள்ளி இருக்கும் ஒரு சின்னக் கடைக்கு. பேர் போட்டால் விளம்பரம் என்பீர்கள், விடுங்கள். மச்சானுக்கு 27 வயது. நாங்குநேரிப் பக்கம் நாலுவழிச் சாலையில் லாரி தட்டி முதுகுத்தண்டில் அடி, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. ஆயுசுக்கும் சாமான் வாங்கியாக வேண்டிய வீடு எங்களுடையது, அந்தக் கண்ணோடுதான் கடையைப் பார்க்கிறேன்.

முதலில் கேட்டது மோட்டார் கட்டில். "அது எங்கயும் ஓடிராது அண்ணாச்சி, கையால சுத்துற கட்டிலை வாடகைக்குக் கொண்டு போங்க, கையில இருக்க காசுக்கு நல்ல ஏர் பெட்டா பாருங்க" என்றார் கடைக்காரர். ஏர் பெட் என்பது படுக்கைப் புண் வராமலிருக்க மோட்டாரால் காற்றடைக்கிற மெத்தை. சும்மா சொல்லவில்லை, பெட்டை விரித்து மோட்டாரைப் போட்டு, கடைப் பையனை மேலே படுக்கவைத்து, அவன் இடுப்புக்கு நேர் கீழே பெட்டுக்கு அடியில் என் கையை விடச் சொன்னார். கைக்கும் உடம்புக்கும் நடுவே ஒரு அங்குலமாவது காற்று நிற்க வேண்டுமாம், இல்லாவிட்டால் பெட் போட்டும் புண் வரும். பெட் இருக்கிறதே என்று இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போடுவதை விட்டுவிடவும் கூடாது. புண் ஆழமாகிவிட்டால் ஆபரேஷன் வரை இழுத்துவிடும், அந்தச் செலவோடு பார்த்தால் பெட் விலை ஒன்றுமேயில்லை. கரண்ட் போனால் மோட்டார் நின்றுவிடும் என்பதால் இன்வெர்ட்டரையும் இதே கணக்கில் சேர்க்கச் சொன்னார். அதை விற்பது அவர் இல்லை.

அப்புறம் ஒரு துண்டுச் சீட்டில் மாதச் சாமானை எழுதிக் கொடுத்தார். சிறுநீர் எடுக்கிற டியூப் ஒரு நாளைக்கு ஐந்து என்றால் மாதம் 150, வருஷத்துக்கு 1,800. ஜெல், கையுறை, டயப்பர், யூரின் பேக் எல்லாம் தனி. கீழே ஒரு கோடு போட்டு, சில வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியவை: வீல்சேர், அதில் போடும் குஷன், பெட் மோட்டார். சொந்தக்காரர்கள் எல்லாம் ஆஸ்பத்திரி பில்லைத்தான் கேட்டார்கள், அது ஒரு தடவையோடு போச்சு. ஆளை உட்காரவைத்துச் சாப்பிடுவது இந்தச் சீட்டுதான்.

இந்தக் கடையில் எனக்கு ரொம்பப் பிடித்தது பில். கையுறை வாங்கினாலும் நோயாளி பெயர், தேதி, ஜிஎஸ்டியோடு ஒழுங்கான பில். விபத்துக்கு நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட வக்கீல் முதலில் கேட்டதே அதைத்தான், இனிமேல் ஆகப்போகும் செலவைக் கோர்ட்டில் கேட்க இதுவரை ஆன செலவுதானே ஆதாரம். அடிபட்டவருக்கு 26 முதல் 30 வயது என்றால், ஒரு வருஷச் செலவை 17-ஆல் பெருக்கி மொத்தமாகக் கொடுப்பார்கள். அவன் 17 வருஷம் மட்டுமா உயிரோடு இருக்கப்போகிறான் என்று வீட்டில் சண்டை, ஆனால் மொத்தமாகக் கையில் வரும் பணம் வட்டி ஈட்டும் என்பதால்தான் அப்படி வைத்திருக்கிறார்கள். அதனால் வந்த பணத்தை வீடு கட்டுவதில் போட்டால் கதை முடிந்தது. பார்த்துக்கொள்ளும் ஆளுக்கான சம்பளத்தையும் கேட்கலாம். 2020-ல் ஒரு சிறுமியின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இரண்டு ஆளுக்கு மாதம் 5,000 வீதம் வைத்து, அவள் வயதுக்கு 18-ஆல் பெருக்கி 21,60,000 கொடுத்தது. ஆத்தாளும் பொண்டாட்டியும் பார்ப்பார்கள் என்று மனுவில் அந்த வரியை வெறுமனே விட்டுவிடாதீர்கள். 2022 ஏப்ரலிலிருந்து, விபத்து நடந்த 6 மாதத்துக்குள் நஷ்டஈட்டு மனு போட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, அதையும் மறக்க வேண்டாம்.

கடையில் நின்ற ஒரு பெரியவர் சொன்னது இன்னொன்று. அடிபட்டவர் ஓட்டிய பைக் அவர் பெயரிலேயே இருந்து லைசென்ஸும் இருந்தால், அவருடைய வண்டி இன்சூரன்ஸிலேயே 15 லட்சத்துக்கு விபத்துக் காப்பு இருக்கிறதா என்று பாருங்கள், நிரந்தர முழு ஊனத்துக்கும் அது உண்டு. முதுகுத்தண்டு பாதித்தவர்களுக்கு அரசு தரும் மாதம் 2,000 உதவித்தொகைக்கு கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்துவிட்டோம். டியூப் செலவுக்காவது ஆகட்டும்.

குறை இல்லாமல் இல்லை. வீல்சேர் இங்கே வாங்காதீர்கள். ஆஸ்பத்திரி மாடல் ஒன்றே ஒன்று, இடுப்பு அளவு கூட எடுப்பதில்லை. அதற்குத் தென்காசிப் பக்கம் ஆய்க்குடி அமர் சேவா சங்கத்தில் போய்க் கேட்பது நல்லது. முதுகுத்தண்டில் அடிபட்ட ராமகிருஷ்ணன் 1981-ல் ஆரம்பித்த இடம், இந்த மாதிரி ஆட்களுக்கென்றே மறுவாழ்வுப் பயிற்சி தருகிறார்கள். வாடகைக் கட்டிலுக்கு வாங்கும் அட்வான்ஸும் அதிகம், திருப்பும்போது பெயிண்ட் உரிந்திருக்கிறது என்று பிடிப்பார், எடுக்கும்போதே போனில் நாலு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். டவுனுக்கு வெளியே டெலிவரி கிடையாது. டியூப் மொத்தமாக வாங்கினால் விலை குறைப்பார், நாமாகக் கேட்டால்தான்.