அடையாறு அவ்வை இல்லம்: அடைக்கலத்தோடு நின்றுவிடாத இல்லம்

பெண் குழந்தைகளுக்கான ஓர் இல்லத்தை மதிப்பிடும்போது, கட்டடத்தையும் சாப்பாட்டையும் விட, அங்கிருந்து வெளியேறும் பெண்ணின் கையில் என்ன இருக்கிறது என்பதையே நான் முதலில் பார்ப்பேன். முன்பு நான் மாதந்தோறும் சிறு தொகை அனுப்பிவந்த வேறோர் இல்லத்தில், பத்தாம் வகுப்பு முடித்த பெண்ணொருத்தி, மதிப்பெண் சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மார்போடு அணைத்துக்கொண்டு, தகரப் பெட்டியுடன் வாசலில் நின்றிருந்தாள். உறவினர் வீட்டுக்கு அனுப்புகிறோம் என்றார்கள். மேலே படிக்கவைப்பார்களா என்று கேட்டதற்கு யாரும் வாய் திறக்கவில்லை. அதற்குப் பிறகுதான் அவ்வை இல்லத்தின் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

1886-இல் புதுக்கோட்டையில் பிறந்து, 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, பின்னர் சென்னை மாகாணச் சட்டமன்ற மேலவையின் துணைத் தலைவராகவும் விளங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தேவதாசி முறையை ஒழிக்க அவையில் போராடிக்கொண்டிருந்த காலத்தில், அம்முறையிலிருந்து தப்பிவந்த இளம்பெண்கள் சிலர் இரவு நேரத்தில் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அவர்களைச் சேர்த்துக்கொள்ள அன்றைய விடுதிகள் முன்வரவில்லை. பிறப்பைக் கேட்டு மூடப்பட்ட கதவுகளுக்கு எதிரே அவர் தம் வீட்டையே திறந்துவிட்டார். 1930-களின் தொடக்கத்தில் இப்படித்தான் இல்லம் தோன்றியது. அவருடைய தாயும் தேவதாசி மரபில் வந்தவர் என்பதை நினைத்தால், அந்த இரவு அவருக்கு எவ்வளவு நெருக்கமானதாக இருந்திருக்கும் என்பது விளங்கும். பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுவதைத் தடுக்கும் சட்டம் நிறைவேற 1947 ஆயிற்று. அந்தப் பெண்கள் அதுவரை காத்திருக்க முடியுமா?

அடைக்கலம் தந்ததைவிடவும், அவர்களைப் படிக்கவைத்துத் தம் காலில் நிற்கச் செய்ததையே நான் பெரிதாகக் கருதுகிறேன். ஔவையாரின் பெயரைச் சூட்டியதிலேயே அந்த நோக்கம் தெரிகிறது. ஊர் ஊராக நடந்து, அரசவையிலும் அஞ்சாமல் பேசிய ஒரு புலவரின் பெயர் அது. ஆதரவற்ற பெண் குழந்தைகளுக்காக இன்றும் இயங்கும் இவ்வில்லம் பள்ளிகளையும் நடத்துகிறது. அவற்றில் சுற்றுவட்டார ஏழைக் குடும்பங்களின் பெண்களும் படிக்கிறார்கள். இல்லத்துப் பெண் என்று தனியே ஒதுக்கப்படாமல், தெருவிலிருந்து வரும் பெண்ணோடு ஒரே பெஞ்சில் அமர்ந்து படிப்பது, எந்த அறிவுரையாலும் தர முடியாத தன்மதிப்பைத் தரும் என்பது என் உறுதியான எண்ணம்.

அடையாறு என்றதும் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனையே பலருக்கும் நினைவுக்கு வருகிறது. அதே பகுதியில், பெசன்ட் அவென்யூவில் இருக்கும் இல்லத்தை அந்த அளவுக்குப் பலர் அறிந்திருப்பதில்லை என்பது எனக்கு வருத்தமே.

பிறந்தநாளுக்கு ஒரு வேளைச் சாப்பாடு போடுவது நம் வழக்கம். அது நல்லதுதான். ஆனால் பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டும் பெண்ணுக்குக் கல்லூரிக் கட்டணமும் விடுதிச் செலவும் மூன்று ஆண்டுகளுக்குத் தேவைப்படும். உதவ விரும்புகிறவர்கள் இனிப்புப் பெட்டியோடு புறப்படுவதற்கு முன், மேற்படிப்புக்கு யாருக்கு என்ன தேவை என்று அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.