சிம்பிள்எஃப்பியா, சிம்பிள்டிஆர்எம்மா? கோத்தகிரி எடைத் திரைக்கு எது சரி

கோத்தகிரியில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் கரண்ட் போவதும் வருவதுமாகத்தான் இருக்கும். தேயிலைக் கொழுந்து எடை போடும் கொட்டகையில் ஒரு சின்ன ஆர்ம் போர்டும் (ஒற்றைப் பலகைக் கணினி) 1366×768 திரையும் மாட்டியிருக்கிறோம். கரண்ட் வந்த கையோடு திரையில் எண் வந்துவிட வேண்டும். சாக்கோடு வரிசையில் நிற்கும் பெரியவர், "தம்பி, எத்தனை கிலோன்னே தெரியலையே" என்று கேட்கும்படி விடக்கூடாது.

அந்தப் போர்டின் டிஸ்ப்ளே சிப்புக்கு லினக்ஸின் மையப் பகுதியான கர்னலில் இன்னும் முழு டிரைவர் (அந்தச் சிப்பை இயக்கும் நிரல்) இல்லை. ஆனால் கர்னலுக்கு முன்னால் ஓடும் பூட்லோடர் திரையை எழுப்பி, திரையில் தெரிய வேண்டிய படம் இருக்கும் நினைவகமான ஃபிரேம்பஃபர் ஒன்றைத் தயாராக வைத்துவிட்டுப் போகிறது. அதை அப்படியே எடுத்து ஓட்டத்தான் இந்த இரண்டு டிரைவர்களும். திரையைக் கையாள கர்னலில் இரண்டு வழிகள்: பழையது எஃப்பிடெவ், புதியது டிஆர்எம். எஃப்பிடெவ் வழியில் வருவது சிம்பிள்எஃப்பி. டிஆர்எம் வழியில் வரும் சிம்பிள்டிஆர்எம், 2021இல் கர்னல் 5.14இல் சேர்ந்தது.

இரண்டுக்கும் டிவைஸ் ட்ரீயில் (போர்டில் என்னென்ன இருக்கிறது என்று கர்னலுக்குச் சொல்லும் பட்டியல்) எழுத வேண்டியது ஒன்றேதான்: நினைவக முகவரி, அகலம், உயரம், ஸ்ட்ரைடு, நிற அமைப்பு. இதில் ஆளைக் கவிழ்ப்பது ஸ்ட்ரைடு, அதாவது நினைவகத்தில் ஒரு வரியின் தொடக்கத்திலிருந்து அடுத்த வரியின் தொடக்கம் வரை உள்ள பைட் எண்ணிக்கை. ஒரு பிக்சலுக்கு 4 பைட் என்று 1366ஐப் பெருக்கி 5464 என்று எழுதினேன். பூட்லோடரோ ஒவ்வொரு வரியையும் 64 பைட் எல்லைக்கு நிரப்பி 5504 ஆக்கியிருந்தது. வித்தியாசம் 40 பைட், அதாவது 10 பிக்சல். வரிக்கு வரி 10 பிக்சல் இடப்பக்கம் நழுவியதில், எடை எண் திரை முழுக்க சாய்ந்த கீற்றுகளாகக் கிழிந்து கிடந்தது. 5504 என்று மாற்றியதும் எண் நேராக நின்றது.

அப்புறம் கிளாக், அதாவது சிப்பை ஓட வைக்கும் துடிப்பு. பூட் ஆகும்போது எழுத்து ஓடும், முடியும் நேரத்தில் திரை இருண்டுவிடும். யாரும் கேட்டு வாங்காத கிளாக்குகளைக் கர்னல் கடைசியில் அணைத்துவிடுவதுதான் காரணம். திரைக்கு வேண்டிய கிளாக்குகளையும் அதே இடத்தில் குறிப்பிட்டால் போதும், இரண்டு டிரைவர்களும் அவற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

இனி வித்தியாசம். சிம்பிள்எஃப்பியில் நம் நிரல் திரை நினைவகத்தில் நேரடியாகவே எழுதலாம். சிம்பிள்டிஆர்எம் வரைவதைச் சாதாரண ரேமில் வாங்கி, மாறிய பகுதியை மட்டும் திரைக்கு நகலெடுக்கும். இந்தத் திரைக்கு அதனால் கூடுதலாகச் சுமார் 4 எம்பி ரேம் போகும். ரேம் மிகக் குறைந்த போர்டு, ஓடுவதும் ஒரே ஒரு பழைய நிரல் என்றால் சிம்பிள்எஃப்பி போதும்.

மற்றபடி என் ஓட்டு சிம்பிள்டிஆர்எம்முக்குத்தான். புது டிரைவர்களை டிஆர்எம்மில்தான் எழுதச் சொல்கிறார்கள், லினக்ஸில் ஜன்னல்களைத் திரையில் காட்டும் புது முறையான வேலண்ட் எதிர்பார்ப்பதும் அதைத்தான். ஃபெடோரா என்ற லினக்ஸ் தொகுப்பின் 36ஆம் பதிப்பு பழைய எஃப்பிடெவ் டிரைவர்களை விட்டுவிட்டு 2022இலேயே இதற்கு மாறிவிட்டது. பழைய நிரலுக்காக எஃப்பிடெவ் முகம் ஒன்றையும் டிஆர்எம்மே காட்டும். நாளை முழு டிரைவர் வந்தால் சிம்பிள்டிஆர்எம் ஒழுங்காக விலகி இடம் கொடுக்கும்.

முழு டிரைவர் இல்லாமல் ரெசல்யூஷனை மாற்ற முடியாது, 3டி வேகமும் கிடையாது. ஆனால் அதை எழுத மாதக்கணக்கில் ஆகும், கொழுந்து அதுவரை காத்திருக்காது. கொட்டகையில் இப்போது சிம்பிள்டிஆர்எம்தான் ஓடுகிறது. நேற்றும் இரண்டு முறை கரண்ட் போய் வந்தது, இரண்டு முறையும் எண் தானாகவே திரைக்கு வந்துவிட்டது.