ஏசிக்கு கேஸ் போட மறுத்த மெக்கானிக்

திருவான்மியூரில், பக்கிங்ஹாம் கால்வாய்க்கு இந்தப் பக்கம், ஒரு மாவு மில்லுக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் ஏசி சர்வீஸ் கடை இது. பலகையில் பாதி எழுத்து உதிர்ந்துவிட்டது. வேலைக்கு மூன்று பேர். கடைக்காரரே ஏணியும் ஏறுவார். 2025 மே மாதம் எங்கள் படுக்கையறை ஏசியின் உள் யூனிட்டையும் (இன்டோர்) மாடியில் உள்ள வெளி யூனிட்டையும் (அவுட்டோர்) இணைக்கும் காப்பர் பைப்பை இவர்களிடம்தான் முழுசாக மாற்றினோம். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுக்கிறேன். அந்த ஒன்று எங்கே போனது என்பதையும் சொல்கிறேன்.

நான் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். வீட்டில் எது ரிப்பேர் ஆனாலும் தேதி போட்டு நாற்பது பக்க நோட்டு ஒன்றில் எழுதிவைப்பேன். வீட்டுக்காரர் அதை ‘சித்ரகுப்தன் ஏடு’ என்பார். அந்த ஏட்டில் ஏசி பக்கம் இப்படி இருந்தது: 2023 ஏப்ரல், கேஸ், 2,800. 2024 மார்ச், கேஸ், 3,000. 2024 அக்டோபர், கேஸ், 3,000. 2025 பிப்ரவரி, கேஸ், 3,200. பதினொரு மாதம், ஏழு மாதம், நான்கு மாதம் என்று இடைவெளி குறைந்துகொண்டே வந்திருப்பது மொத்தமாகப் பார்த்த அன்றுதான் தெரிந்தது. நான்கு முறையும் வந்தவர்கள் ஆப்பில் புக் செய்து வந்தவர்கள், நான்கு பேரும் வேறு வேறு ஆட்கள். நால்வரும் சொன்னது ஒன்றே: “கேஸ் தீர்ந்துடுச்சு மேடம்.” ஏசி கேஸ் என்ன சமையல் சிலிண்டரா, எரிந்து தீர்ந்துபோவதற்கு? பைப்புக்குள் சுற்றிச் சுற்றி வருவதுதான் அதன் வேலை. குறைந்தால் எங்கோ ஓட்டை என்று பொருள். பன்னிரண்டாயிரம் ரூபாய் கொடுத்த பிறகு எனக்கு இது புரிந்தது.

மே மாதம் மறுபடி அதே கதை. 24 டிகிரியில் வைத்து இரண்டு மணி நேரம் ஓடியும் அறை குளிரவில்லை. மொட்டை மாடியில் போய்ப் பார்த்தால் அவுட்டோரில் சேரும் மெல்லிய பைப்பின் மேல் ஐஸ் கட்டியிருந்தது. ஐஸ் கட்டினால் நன்றாகக் குளிர்கிறது என்றுதான் நான் நினைத்திருந்தேன். உண்மையில் கேஸ் குறைந்ததற்கு அதுவே அடையாளமாம். (ஃபில்டர் அழுக்கடைந்தாலும் ஐஸ் வரலாம் என்று முதலில் ஃபில்டரைக் கழற்றித்தான் பார்த்தார்கள்.)

கடைக்காரர் வந்தார். என் நோட்டை வாங்கி ஏசி பக்கத்தை முழுசாகப் படித்த முதல் ஆள் அவர். படித்துவிட்டுச் சொன்னார்: “அம்மா, இப்பவே கேஸ் போட்டு மூவாயிரம் வாங்கிட்டுப் போயிடலாம். ஆவணிக்குள்ள மறுபடி கூப்பிடுவீங்க. நான் போட மாட்டேன். ஓட்டையை மொதல்ல கண்டுபிடிப்போம்.”

இதற்கு முன் வந்தவர்களில் ஒருவர் சோப்பு நுரை வைத்து நட்டுகளை மட்டும் பார்த்திருந்தார். இவரும் அங்கிருந்துதான் தொடங்கினார். நட்டில் கசிவு இருந்தால் பைப் முனையை வெட்டி, மறுபடி விரித்து மாட்டினால் போதும், சில நூறு ரூபாயில் முடிந்துவிடும் என்றார். நட்டில் நுரை வரவில்லை. அடுத்து, கறுப்பு ரப்பர் உறையை மாடிக் கைப்பிடிச் சுவருக்கு அருகே கிழித்தார். உள்ளே தூசி ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கு. கம்ப்ரசர் எண்ணெய் கேஸோடு சேர்ந்துதான் ஓடுகிறதாம். கேஸ் வெளியே போகும் இடத்தில் எண்ணெயும் தலைகாட்டும். பிசுக்கைத் துடைத்தால் செம்பின் நிறமே இல்லை. சில இடம் பச்சைக் களிம்பு, பல இடம் கன்னங்கரேல். செம்பையும் களிம்பையும் சைவ சித்தாந்தத்தில் ஆன்மாவுக்கும் ஆணவ மலத்துக்கும் உவமையாகப் பாடம் நடத்தியிருக்கிறேன். என் வீட்டு மாடியிலேயே அந்த உவமை கிடந்ததை இத்தனை வருடம் பார்க்கவில்லை.

பச்சை, கடல் உப்புக் காற்றின் வேலை. கறுப்புக்கு அவர் ஒரு கேள்வி கேட்டார்: “வீட்ல வெள்ளிச் சாமான் சீக்கிரம் கறுக்குதாம்மா?” கறுக்கிறது. குங்குமச்சிமிழை மாதம் இருமுறை தேய்க்கிறேன். கால்வாய்ச் சாக்கடையிலிருந்து வரும் அழுகிய முட்டை வாடை இருக்கிறதே, அந்த ஹைட்ரஜன் சல்பைடு வெள்ளியை மட்டுமல்ல, செம்பையும் தின்கிறது.

ஆனாலும் கண்ணால் பார்த்ததை வைத்து பைப்தான் குற்றவாளி என்று அவர் முடிவு கட்டவில்லை. எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது இந்த இடத்தில்தான். இன்டோருக்குள் கேஸ் ஓடிக் குளிர்விக்கும் குழாய்ச் சுருளும் (காயில்) அதே காற்றைத்தான் சுவாசிக்கிறது. ஓட்டை அங்கேயும் இருக்கலாம். மீதி இருந்த கேஸை அவுட்டோருக்குள் இழுத்துப் பூட்டிவிட்டு, பைப்பை இரண்டு முனையிலும் கழற்றினார். பைப்பைத் தனியாக அடைத்து நைட்ரஜன் ஏற்றி 400 பிஎஸ்ஐ அழுத்தத்தில் விட்டார். காயிலுக்கும் தனியாக ஒரு அழுத்தமானி (கேஜ்). இரவு முழுக்க அப்படியே கிடந்தது. ராத்திரி குளிர்ச்சியில் பத்துப் பதினைந்து குறைந்தால் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். காலையில் காயில் கேஜ் கிட்டத்தட்ட வைத்த இடத்திலேயே நின்றது. பைப் கேஜ் 310. இந்தச் சோதனை இல்லாமல் “காயில் போச்சு” என்று யாராவது புதுக் காயில் மாட்டியிருந்தால், காசும் போயிருக்கும், ஓட்டையும் அப்படியே இருந்திருக்கும்.

மாடியில் தெரிந்த இடத்தை மட்டும் பற்றவைத்தால் போதாதா என்று வீட்டுக்காரர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஓட்டை ஒன்றே ஒன்று, கை எட்டும் இடம், மற்ற பைப் நன்றாக இருக்கிறது என்றால் அதைத்தான் செய்வாராம். எங்கள் வீட்டில் மூன்றுமே இல்லை. சோப்பு நுரை இரண்டு இடத்தில் குமிழி விட்டது. போதாததற்கு, சுவருக்குள் புதைந்த பகுதியில் ஒரு ஜாயின்ட் இருக்கிறது. அங்கே யாராலும் நுரை வைத்துப் பார்க்க முடியாது.

அந்தப் பைப்பின் வயதுதான் பெரிய செய்தி. 2009-இல் ஃப்ளாட் கட்டும்போதே பில்டர் புதைத்தது. அப்போது இருந்தது ஆர்-22 என்ற பழைய வகை கேஸில் ஓடும் மெஷின். 2021-இல் புது ஆர்-32 மெஷின் மாட்டியவர், “பைப் ரெடியா இருக்கு, உங்களுக்குக் காசு மிச்சம்” என்று பழையதிலேயே இணைத்துவிட்டுப் போனார். ஆர்-32 ஓடும் அழுத்தம் ஆர்-22-ஐவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். பழைய மெஷினின் எண்ணெய்யும் இதற்கு ஒவ்வாதது. பைப்பைக் கழுவாமல் மாட்டியிருக்கிறார்கள். எங்கள் பழைய பைப்பின் சுவர் 0.7 மில்லிமீட்டர். அரித்தது போக எவ்வளவு மிச்சமோ!

புதுப் பைப் கால் அங்குலமும் அரை அங்குலமும், 0.8 மில்லிமீட்டர் தடிமன். வெட்டுவதற்கு முன் வெர்னியர் வைத்து அளந்து காட்டினார். (கடையில் வாங்குவோர் தடிமனைக் குறிக்கும் ‘கேஜ்’ எண்ணைக் கேட்டு ஏமாற வேண்டாம், மில்லிமீட்டரில் கேளுங்கள்.) சுவரை உடைக்காமல் மேலே புதுத் துளை போட்டு, வெளிச்சுவர் வழியாக எட்டு மீட்டரும் நடுவில் ஜாயின்ட் இல்லாமல் ஒரே பைப்பாக இறக்கினார்கள். ரப்பர் உறை, அதன்மேல் டேப், அதற்கும் மேல் பிவிசி மூடி. மறுபடி நைட்ரஜன் சோதனை. பிறகு உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுக்க வேக்கம் பம்ப் நாற்பது நிமிடம் ஓடியது. 2021-இல் மாட்டியவர் வால்வைத் திறந்து ‘புஸ்’ என்று காற்றை விட்டதோடு சரி. கடைசியாக கேஸ் சிலிண்டரைத் தராசில் வைத்து, மெஷின் பிளேட்டில் போட்டிருந்த கிராம் கணக்குப்படி ஏற்றினார்கள்; அதிகப்படி பைப் நீளத்துக்குக் கொஞ்சம் கூடுதல்.

பைப் மீட்டருக்கு 1,150 வீதம் 9,200. கேஸும் வேக்கமும் 3,200. கூலி 2,500. ஆக மொத்தம் 14,900. அடுத்த கோடையும் வந்துவிட்டது. நோட்டில் ஏசி பக்கத்தில் அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் சாதாரண சர்வீஸ்தான்.

குறைகள். வியாழன் வருகிறேன் என்றவர் வெள்ளி மதியம் வந்தார், ஒரு போன் கூட இல்லை. புதுத் துளையைச் சுற்றிப் பூசிய சிமென்ட், அப்பளம் ஒட்டியது போல இன்னும் அப்படியே இருக்கிறது. பெயின்ட் எங்கள் வேலையல்ல என்று சொல்லிவிட்டார்கள். க்ரீம் நிறச் சுவரில் வெள்ளை மூடி பளிச்சென்று தெரிகிறது, அசோசியேஷன் கூட்டத்தில் அதற்கு நான் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. பில்லை இரண்டு தடவை கேட்டு வாங்கினேன். அந்த ஒரு நட்சத்திரம் இதில்தான் போயிற்று.

பழைய பைப் யாருக்கு என்று முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது. பல பேர் கேட்காமலே சுருட்டிக்கொண்டு போய்விடுவார்கள். சுவருக்குள் இருந்ததை முனை அடைத்து விட்டுவிட்டு, மீதி ஐந்து மீட்டரை இவர் என் கையிலேயே கொடுத்தார். காயலான் கடையில் ஒன்றே முக்கால் கிலோ நின்றது, 1,050 ரூபாய் கிடைத்தது. தராசிலிருந்து எடுத்த கறுத்த பைப்பைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் காயலான் கடைக்காரர் கேட்டார்: “கால்வாய்ப் பக்கமாம்மா வீடு?”