வேலியன்ட் சார்ஜர் இ49: கொடுக்கிற காசுக்குத் தகுமா?

பழைய ஆஸ்திரேலிய மசில் கார் (பெரிய இன்ஜின் போட்ட வேகமான கார்) வாங்க நினைப்பவர்கள் எல்லோரும் முதலில் ஃபோர்டு ஃபால்கன் ஜிடிஹெச்ஓ ஃபேஸ் 3 பக்கம்தான் போகிறார்கள். 1971-இல் வந்தது, மொத்தம் 300 வண்டி, அந்த வருடமே பந்தய வீரர் ஆலன் மொஃபாட் அதை ஓட்டி, ஆஸ்திரேலியாவின் பெரிய கார் பந்தயமான பாத்ர்ஸ்டில் ஜெயித்தார். ஒருகாலத்தில் கிரிக்கெட் வீரர் ஜெஃப் தாம்சனிடம் இருந்த ஒரு ஃபேஸ் 3, 2018 ஏலத்தில் 10 லட்சம் ஆஸ்திரேலிய டாலரைத் தாண்டியது. சரி, அது அப்படிப்பட்ட வண்டிதான். ஆனால் 1972-இல் கிரைஸ்லர் ஆஸ்திரேலியா செய்த சார்ஜர் இ49 மொத்தமே 149 தான். எண்ணிக்கை பாதி, விலையோ ஃபேஸ் 3 விலையில் பாதியைக்கூட எட்டுவதில்லை.

காரணம் பெரிய ரகசியமில்லை. சார்ஜர் பாத்ர்ஸ்டில் ஜெயித்ததே கிடையாது, 1972-இல் டக் சிவாஸ் ஓட்டி மூன்றாவதாக வந்ததுதான் அதிகபட்சம். போதாததற்கு எட்டு சிலிண்டர் வி8 இல்லை, ஆறு சிலிண்டர்தான். ஊரே ஃபோர்டு கட்சி, இன்னொரு கார் கம்பெனியான ஹோல்டன் கட்சி என்று பிரிந்து கிடந்ததால் கிரைஸ்லருக்காகச் சண்டை போட ஆளும் குறைவு, 1980-இல் அந்தக் கம்பெனியே மிட்சுபிஷி கைக்குப் போய்விட்டது. இங்கே பணம் அபூர்வத்துக்கு இல்லை, பந்தயக் கதைக்குத்தான்.

வண்டியாகப் பார்த்தால் எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. 265 கன அங்குல இன்ஜின், காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்குத் தரும் வெபர் கம்பெனி கார்புரேட்டர்கள் மூன்று, 302 குதிரைத்திறன். நண்பரின் வண்டியில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போனேன், அவர் ஆக்சிலரேட்டரை அழுத்தியதும் அந்த வெபர்கள் காற்றை உறிஞ்சிய சத்தத்தில் பேச்சே நின்றுவிட்டது. குறையும் உண்டு, ஸ்டியரிங் கனம், பின்சக்கரத்தில் டிரம் பிரேக், நகர நெரிசலில் ஊர்ந்தால் இன்ஜின் முணுமுணுக்கும், அப்புறம் மூன்று கார்புரேட்டரையும் ஒத்திசைத்துத் தரத் தெரிந்த மெக்கானிக்கைத் தேடிப்பிடிக்க வேண்டும். (அந்தக் காலத்து விளம்பரத்தின் புண்ணியத்தில், இன்றைக்கும் தெருவில் யாராவது இரண்டு விரலைக் காட்டி "ஹே சார்ஜர்!" என்று கத்துவார்கள், அது இலவசம்.)

வாங்கும்போது பெயின்டைப் பார்த்து மயங்க வேண்டாம். இ49 என்பது சார்ஜரின் ஆர்/டி என்ற வேக மாடலுக்கான ஒரு இன்ஜின் ஆப்ஷனின் குறியீடு, அதனால் சாதாரண சார்ஜருக்குக் கோடு அடித்து, மூன்று வெபரை மாட்டி விற்பது சுலபம். ஒரு வியாபாரி எனக்கு அப்படி ஒன்றைத்தான் காட்டினார், இன்ஜின் நம்பரையும் பாடியில் இருந்த தகட்டையும் ஒப்பிடக் கேட்டதும் பேச்சை மாற்றிவிட்டார். இன்ஜின் மாறிய வண்டிக்கு அசல் விலை கொடுக்கவே கூடாது, துருவையாவது வெட்டி ஒட்டலாம், பிறந்த இன்ஜினை எங்கே போய்த் தேடுவது?

பேப்பர் சரியாக இருக்கிற இ49 கிடைத்தால், ஃபேஸ் 3-க்கு ஆகும் பணத்தை நினைத்துப் பார்க்கும்போது என் கணக்கில் இது மலிவு. முதலீடு வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை ஓட்டினால் போதும் என்பவர்கள் சார்ஜரின் இன்னொரு மாடலான 770-ஐ, 265 இன்ஜின் போட்டதாகப் பார்க்கலாம், உருவம் ஏறக்குறைய அதேதான், மழையில் நனைந்தாலும் மனசு பதறாது.