குட்டிப் பசங்களுக்கான தோட்ட செட், மூணு மாசம் யூஸ் பண்ணிட்டு எழுதுறேன்

என் பொண்ணுக்கு ரெண்டரை வயசு. நான் செடிக்கு தண்ணி ஊத்த போனாலே பின்னாடியே வந்து பூவாளிய புடுங்குவா, குடுக்கலன்னா அழுகை, குடுத்தா தூக்க முடியாது. எங்க பூவாளி 8 லிட்டர், ரொம்பினா தண்ணி மட்டுமே 8 கிலோ, அவ மொத்த வெயிட்டே 12 கிலோதான், எப்படி தூக்குவா பாவம்.

மொதல்ல ஒரு பிளாஸ்டிக் செட் வாங்கினேன். மண்ணுல வச்சு அழுத்தின ரெண்டாவது நாளே கரண்டி வளைஞ்சிருச்சு, அவளும் ரெண்டு மூணு தடவ குத்தி பாத்துட்டு கீழ போட்டுட்டு என்னோடத கேட்டா. அப்பதான் புரிஞ்சுது, அவளுக்கு விளையாட்டு சாமான் வேணாம், மண்ணு நெஜமாவே கிளம்பி வரணும். அதுக்கப்புறம் வாங்கினதுதான் இது. இரும்பு கரண்டி, மரப்பிடி, மண்ண வாருற பல்லு வச்ச ரேக், 1 லிட்டர் பூவாளி, க்ளவுஸ், கூடவே சின்ன துடைப்பமும் முறமும்.

கரண்டி சூப்பர். முனைய மழுக்கி விட்டிருக்காங்க, கைய கிழிக்காது, ஆனா மண்ணு நல்லா கிளறுது. ஒரு ராத்திரி வெளிய மழையில விட்டுட்டோம், லேசா துரு புடிச்சுது, தேய்ச்சு துடைச்சு கொஞ்சம் எண்ணெ தடவினதும் சரியாயிடுச்சு. பூவாளிய பாதிதான் ரொப்புவேன், முழுசா இருந்தா சாய்க்கும்போது மணிக்கட்டு தாங்கல. ஆரம்பத்துல ஒரே தொட்டிக்கு நாலு தடவ ஊத்துவா, மண்ணு சேறாகி வேருக்கு காத்து போகாம அந்த செடி அழுகியே போச்சு. இப்ப விரல மண்ணுக்குள்ள விட்டு பாத்துட்டு "ஈரம்மா"ன்னு சொல்லிட்டு அடுத்த தொட்டிக்கு போறா, அத கேக்கறப்ப எனக்கு அவ்ளோ சந்தோஷம். விதை போட சூரியகாந்தி வாங்குங்க, பெருசா இருக்கு, குட்டி விரலுக்கு நல்லா புடிபடும், வாரம் பத்து நாள்ல முளைச்சிடும், அதுக்கு மேல அவங்களுக்கு பொறுமை இருக்காது.

ரேக் வேணாம்னுதான் சொல்லுவேன். பல்லு கூர்மையா இருக்கு, அவ அத தோளுக்கு மேல தூக்கி வீசறா, நான் எடுத்து மேல வச்சுட்டேன். க்ளவுஸும் வேஸ்ட், கட்டைவிரல் எங்கயோ இருக்கு. வெறும் கையாலயே கிளறட்டும், முடிச்சதும் சோப்பு போட்டு கழுவி விடுறேன்.

நான் எதிர்பாக்காதது அந்த துடைப்பம். பெரிய துடைப்பத்தோட குச்சி அவ மூஞ்சிலயே இடிக்கும், இது அவ ஒசரத்துக்கு சரியா இருக்கு. ஆனா குப்பைய எங்க சேக்கணும்னு தெரியாம வீடு பூரா பரப்பி விட்டா, அப்புறம் தரையில சாக்பீஸ்ல ஒரு கட்டம் போட்டு குடுத்தேன், எல்லாத்தையும் அதுக்குள்ள தள்ளிட்டு முறத்த எடுத்துட்டு வர்றா. குழந்தைங்க கல்விக்கு பேர்போன இத்தாலி டாக்டர் மரியா மான்டிசோரி 1907ல ரோம்ல ஆரம்பிச்ச பள்ளியில மேசை நாற்காலியெல்லாம் பசங்க சைஸுக்கே செஞ்சு வச்சாங்கன்னு முன்னாடி படிச்சப்ப அழகுக்குன்னு நெனச்சேன், இப்பதான் காரணம் தெரியுது.

ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். பத்து நிமிஷ வேலை நாப்பது நிமிஷம் ஆகும், அவசரம் இருக்கற நாள்ல நான் வெளிய எடுக்கறதே இல்ல. அப்புறம் தண்ணி மொண்டு ஊத்த பக்கெட்ட வச்சுட்டு உள்ள போயிடாதீங்க ப்ளீஸ், கொஞ்சூண்டு தண்ணி இருந்தாலே குட்டிப் பசங்க தலைகீழா விழுந்தா எந்திரிக்க முடியாது, நான் வேலை முடிஞ்ச ஒடனே கவுத்து வச்சுடுவேன்.

செட்டா வாங்கணும்னு இல்ல, கரண்டி, பூவாளி, துடைப்பம் மூணும் தனித்தனியா கிடைச்சா அதையே வாங்கிக்கோங்க. வாங்கினதும் கரண்டி பிடிய ஆட்டி பாருங்க, எங்களுது மூணாவது வாரமே லூசாச்சு, ஸ்க்ரூ டைட் பண்ணினப்புறம் இன்னிக்கு வரைக்கும் அசையல.